கிணற்றுக்குப் போன சாமி காசு

அன்று மலாக்காவில், சீனக் குன்றின் அடியில், அந்தப் பழைய கிணற்றுக்கு வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: அக்காள், அத்தான், அவர்களுடைய இரண்டு வயது மகள், நான். என் முந்தானை முடிச்சில் ஓர் இருபது காசும் இருந்தது. அதையும் ஓர் ஆளாகத்தான் எண்ணுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்க அத்தான் மறுநாள் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட இருந்தார். ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று அவருடைய அனுமதித் தாளில் போட்டிருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் அக்காள் அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். அவர் நல்லபடியாகத் திரும்பியதும் அவர் கையாலேயே உண்டியலில் போட வேண்டும். அதுவரை வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தாள்.

பிறகு குன்றேறி, சீனர்களின் கல்லறைகளுக்கு நடுவே புளிச்சோற்றைப் பிரித்தோம். பக்கத்தில் யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சமாதிக்கு நடுவிலயா சோறு?" என்றேன்.

"இவங்க சத்தம் போடாத பக்கத்து வீட்டுக்காரங்க, கொழுந்தியா. உன்னை மாதிரி நொய்நொய்னு இருக்க மாட்டாங்க" என்றார் அத்தான்.

அக்காள் சிரித்தாள். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கிணற்றில் காசு போட்டவர்கள் மலாக்காவுக்குத் திரும்பி வந்தே தீருவார்கள் என்பது ஊர்ப் பேச்சு. இறங்கி வந்ததும் அக்காள் குழந்தைக்குக் கை கழுவிவிட ஒதுங்கினாள். அத்தான் பையைத் துழாவினார். நோட்டுதான் இருந்தது.

"சில்லறை இருக்கா?"

"இல்லை அத்தான்."

"அப்ப முந்தானையில என்ன, முட்டையா?"

"அது சாமி காசு. வேணாம்."

"பிள்ளையாருக்கு நான் வந்து ரெட்டிப்பாப் போடுறேன்லா. அக்காகிட்ட மூச்சு விடாதே."

முடிச்சை அவிழ்த்தது நான்தான். ஒரே காசுக்குக் கிணற்றிடமும் சாமியிடமும் உறுதி வாங்கிவிடலாம் என்று என் பயம் கணக்குப் போட்டது. அத்தான் போட்ட காசு விழுந்த சத்தமே கேட்கவில்லை. காது கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த மஞ்சள் துணியில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து முடிந்து மாடத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அக்காள் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. தாளில் போட்டிருந்த ஒரு வருஷம் கழிந்தது. சாகும்வரை அவள் கும்பிட்டது பொத்தானைத்தான். நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கிணற்றின் வாயில் இப்போது கம்பி வலை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த அக்காள் மகளிடம் அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கம்பி வலை வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, "அந்தக் காசை நீங்களே கோயில் உண்டியல்ல போட்டு முடிச்சிருங்க சின்னம்மா" என்றாள். எப்படிப் போடுவேன்? வந்த பிறகு, அவர் கையால் என்றுதானே வேண்டுதல். நான் போட்டால், அவர் இனி வரமாட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்.

அவர் சொன்னபடி ரெட்டிப்பாகவே வைத்துக்கொண்டால், பிள்ளையாருக்கு இன்னும் பாக்கி நாற்பது காசு.