ஐஸில் போன ரத்தம்

எதையும் ஐஸில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவள் என் மனைவி. அதற்கு நானும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் நிலக்கரி மைன்ஸுக்குள் கன்வேயர் பெல்ட் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே குடிதண்ணீர் கொஞ்ச நேரத்தில் வெந்நீராகிவிடும். கல்யாணமான புதிதிலிருந்தே நான் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாயகன்ற கேனில் ஐஸ்கட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிக் கொடுப்பது அவள் வேலை. என்னைத் தொடவிடமாட்டாள்.

முதலில் அந்த மூடியைத்தான் அவளால் திருக முடியாமல் போனது. முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. கேனை நானே மூட ஆரம்பித்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்று, "சரியா மூடலீங்க, ஒழுவும்" என்று குறை சொல்வாள். அப்போது அவள் கைகள் முந்தானைக்குள் இருக்கும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஏதாவது சொல்லி வம்புக்கு இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

மூட்டு டாக்டரம்மா புது ஊசி ஒன்றைச் சொன்னார். நல்ல ஊசிதான். ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். உள்ளே காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் அது விழித்துக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. "வீட்ல யாருக்காவது அந்த நோய் இருந்துச்சா?" என்று அவர் கேட்டதும் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. சேத்தியாத்தோப்பில் அவள் அப்பா அந்த நோயில்தான் போனார். அப்போது அவள் பாவாடை சட்டை போடுகிற வயது.

மந்தாரக்குப்பத்து லேபில் ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாகக் கடலூருக்கு எடுத்துப்போகிற ஆள் அன்று வரவில்லை. "நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்றீங்களா சார்? வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க" என்றாள் லேப் பெண். குவார்ட்டர்ஸுக்கு வந்து நான் சட்டை மாற்றுவதற்குள் மனைவி என் டியூட்டி கேனைத் தயார் செய்துவிட்டாள். உள்ளே நிறைய ஐஸ். நடுவில் பாலிதீன் கவரில் சுற்றிய நாலு குழாய். திருக முடியாததால் மூடியைத் துண்டால் கட்டியிருந்தாள்.

"வெயில்ல கெட்டுப்பூடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல, அதான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பாலும் மீனும் ஐஸில்தானே கெடாமல் இருக்கின்றன, ரத்தத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்! வடலூர் தாண்டி பஸ் குலுங்கியதில் கேன் ஒழுகி என் பேண்ட் நனைந்தது. பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கடலூர் லேபில் வாங்கிக்கொண்டவர் எதுவும் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தது. நோய்க்கிருமி இருக்கிறது என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. முடிவு சொல்ல இயலவில்லையாம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை. காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்த செல் என்றால், அந்தக் கிருமியின் புரதத்தைக் காட்டியதும் ஒரு பொருளைச் சுரக்கும். எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பதுதான் பரிசோதனை. ஒன்று வெறும் குழாய். இரண்டில் அந்தப் புரதம். நாலாவதில், எந்தச் செல்லையும் தட்டி எழுப்பிவிடும் மருந்து.

"இவங்க ரத்தம் அந்த நாலாவது குழாய்லயும் அசையல. அதனால மத்த குழாய் சும்மா இருக்கறதை நம்ப முடியாது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. கன்வேயர் கிளம்பும் முன் சைரன் அடிக்கும். சைரன் கேட்கவில்லை, அதனால் ஓடாது என்று நம்பி யாராவது பெல்ட்டில் கால் வைப்பார்களா? சைரன் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவள் விஷயத்தில் சைரனே அடிக்கவில்லை.

"சாப்பிடற மாத்திரை செல்களை அடக்கியிருக்கலாம். அப்படின்னா ஊசிய ரொம்ப யோசிச்சுத்தான் போடணும். இல்ல, ரத்தம் போன விதத்துல ஏதாவது... எப்படிக் கொண்டுபோனீங்க?"

"ஐஸ்லதாங்க!" என்றாள் மனைவி பெருமையாக.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "செல் உயிரோட இருக்கணும்மா. வெறைச்சுப்போனா எப்படிப் பதில் சொல்லும்?"

வரும் வழியில், "மீனு வாங்கியாற மாதிரி நெனச்சிட்டேங்க" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஐஸ்தான் கெடுத்துச்சா, இல்ல நெசமாவே என் ஒடம்புல தெம்பே இல்லாமப் பூடுச்சா?" எனக்கும் அதே பயம்தான்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை குழாய்களைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். ஏசி பஸ் வந்தது, விட்டுவிட்டேன். சாதாரண பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்தேன். குறிஞ்சிப்பாடி வருவதற்குள் போன் வந்துவிட்டது. "பையிலதான இருக்குது? தூங்கினு கவுந்துடாதீங்க."

அந்தத் தடவை நாலாவது குழாய் நன்றாகவே பேசியது. காசநோய்ப் புரதம் இருந்த குழாய்கள் வாய் திறக்கவில்லை. "இப்ப இந்த அமைதிய நம்பலாம். ஊசி போட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கப்பா என்னைக் கிட்டயே வுடமாட்டாருங்க. அவரு படுத்துங்கெடந்த ரூம்பு வாசப்படிய மிதிச்சாலே கத்துவாரு. என்னைப் புடிக்காதுன்னே இம்மா நாளும் நெனச்சினு இருந்தேன்."

வண்டியை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினேன். அவள் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.

ஊசி ஆரம்பித்துச் சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு அவசரமாகக் கிளம்பும்போது அவள் கேனைக் கையில் கொடுத்தாள், நானும் கவனிக்காமல் வாங்கிப் போய்விட்டேன். மைன்ஸில் தாகம் எடுத்து மூடியைத் திருகினால், திறக்கவில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். அசையவில்லை. கூட வேலை செய்கிற தம்பியிடம் கொடுத்தேன். அவன் பல்லைக் கடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இப்படி மூடினது?" என்றான்.

"எங்க வூட்டுல" என்றேன்.

நாக்கு வறண்டு கிடந்தது. ஆனாலும் அன்றைக்குத் தண்ணீர் குடிக்க எனக்கு அவசரமே இல்லை.