ரேடியோவைக் குறைக்கச் சொல்ல வேண்டாத நேயர்

தேசிய வானொலியின் காலைப் பேச்சு நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை இருபது வருடமாக எடுப்பவள் அவள். பேசப்போவது செய்தியோ விளையாட்டோ, நேயர் முதலில் அவளிடம் தேறியாக வேண்டும். நிலையத்தில் அவளுக்குச் சந்தேகத்தம்மா என்று பெயர். தன் நிழலையே திரும்பிப் பார்க்கிறவள். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக்கூட நம்பாமல் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை நிலைய அதிகாரி எல்லாரையும் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். கூப்பிடறவங்க குறைஞ்சா நிகழ்ச்சிக்கு மூடுவிழாதான். வெளியில யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார்.

மறுநாள் பஸ் கட்டண உயர்வு பற்றிப் பேச்சு. ஓட்டுநர் என்று ஒருவர் கூப்பிட்டார். 'ரேடியோவைக் குறைச்சுக்கோங்க' என்பது அவள் நாளைக்கு நாற்பது தடவை ஓதும் மந்திரம். குறைக்காவிட்டால் அந்தச் சத்தம் தொலைபேசி வழியே திரும்பி வந்து ஊளையிடும். சொல்லாமல் குறைக்கிற நேயர் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தாள். இந்த ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நிகழ்ச்சியை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று முடித்தார்.

புதன்கிழமை, கால்பந்து இறுதி ஆட்டத்தில் தோற்ற சோகம். கரகரத்த குரலில் ஒரு முன்னாள் கோல்கீப்பர் கூப்பிட்டார். வியாழக்கிழமை தண்ணீர்த் தட்டுப்பாடு. மூக்கால் பேசும் ஒரு காய்கறி வியாபாரி. பின்னால் ரேடியோ சத்தமே இல்லை. இருவரும் அதே வார்த்தையில்தான் முடித்தார்கள்: நிறுத்திடாதீங்க.

அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நிறுத்தப்போகிற சேதி இவர்களுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடுகிறவர் எண்ணை அந்தப் பழைய தொலைபேசி காட்டாது. உள்ளே இருக்கிறவர்தான் ஆள் வைத்துப் பேசச் சொல்கிறார். வேறு யார்? நிகழ்ச்சி போனால் நாற்காலி போகிற அறிவிப்பாளர்தான். அவர் நடைவழியில் போனில் சிரித்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். சிரிப்பில்கூடத் தப்பு தெரிந்தது. அன்று சாயங்காலமே அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"நிஜம்னா நாளையோட அவனுக்கு வேலை இல்லை" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அதிகாரி இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கிரிக்கெட் அணித் தேர்வு பற்றிப் பேச்சு நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒருவர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியராம். ரேடியோ சத்தம் இல்லை. ஆனால் பின்னால் ஒரு கடிகாரம் நிதானமாக ஒன்பது அடித்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிலையக் கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

அவள் தள்ளி வைத்த அதே பத்து நிமிடம். ரேடியோவைக் குறைக்காத நேயர்களைப் பற்றி இருபது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் புலம்பியவள் அவள்தான். திங்கட்கிழமை இரவு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மூடுவிழாவைச் சொல்லி அழுததும் அவள்தான். பேத்திக்குக் கதை சொல்லும்போது நரிக்கு ஒரு குரல், கரடிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுகிற மனிதரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நிலையம் முழுக்கத் தேடியிருக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர், அடுத்த நேயரை அனுப்புங்கள் அக்கா என்று கையசைத்தார். வாயை மூடிக்கொண்டால் பழி அவர் மேல் விழுந்துவிடும். அவமானமாக இருந்தது.

"யாரும்மா இது?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரர், சார். எல்லா நாளும் இவர்தான். தம்பி மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் வீட்டுல உளறிட்டேன்."

பிறகு தொலைபேசியில் சொன்னாள்: "கடிகாரம் காட்டிக் கொடுத்துடுச்சு. போனை வைங்க."

கரகரப்பும் இல்லாமல் மூக்காலும் பேசாமல் அவருடைய சொந்தக் குரல் வந்தது.

"நீ அன்னிக்கு அழுதியே... அதான்."