அம்மாவின் அரை டொலர்

எப்சம் என்ற ஊரில் அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுக்காரி, வீடு மாறிப் போகும்போது ஒரு பழைய அமெரிக்க அரை டொலரை அன்பளிப்பாகக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தொண்ணூறு விழுக்காடு வெள்ளி என்று இணையத்தில் வாசித்ததும், சாமி விளக்கைத் துலக்குவதுபோல் திருநீறு போட்டுத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய்ப் பளபளத்தது.

அம்மாவோடு நாணயக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "யார் இதைத் தேய்த்தது? அப்படியே விட்டிருந்தால் சேகரிப்பவர்கள் பல மடங்கு தந்திருப்பார்கள். இனி வெள்ளியின் விலைதான்."

"என் அம்மா," என்றேன்.

பக்கத்தில் நின்ற அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். ஆங்கிலம் விளங்காமல், தன்னை அறிமுகப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார் என எண்ணினேன்.

பஸ்ஸில்தான் கேட்டார். "நான் மினுக்கினதெண்டோ சொன்னனி?"

"ஓம், அம்மா."

"அது நல்லதுதான். படிச்ச பிள்ளை செய்ததெண்டால் சிரிப்பினம். நானெண்டால் ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய், தேய்த்தது நான்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு எங்களை நினைவே இல்லை.

காசை நாங்கள் விற்கவில்லை. அது மெல்ல மெல்ல மறுபடி கறுத்து வருகிறது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், அன்று அம்மா சிரித்த சிரிப்புத்தான் கண்ணில் நிற்கிறது.