பொம்மைக் கொலைகாரர்

என் பேத்தி பிறந்து பதினோரு நாள் ஆகிறது. கொட்டாவி விட்டால் மூஞ்சியே வாயாகிவிடும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவளைத் தூக்காத ஒரே சொந்தம் என் சம்பந்தி, அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முப்பது வருஷமாகக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டுவார், கால் மணிக்கொரு தடவை தளர்த்துவார். "காலும் மூச்சு விடணும்ல" என்பார்.

போன வருஷம் புதுப் பயிற்சி வந்தது. ரப்பர் பொம்மைக் கால், குழாயில் சிவப்புத் தண்ணீர். ரத்தத்தை நிறுத்தும் பட்டையை இறுக்கினால் நேரத்தை எழுது, டாக்டர் வரும்வரை தளர்த்தாதே என்பது பாடம். இவர் பழக்கதோஷத்தில் தளர்த்திவிட்டார். தரையெல்லாம் சிவப்பு.

"பொம்மையையே கொன்னுட்டீங்களே அண்ணே!" என்று நர்ஸுகள் சிரித்தார்கள். 'பொம்மைக் கொலைகாரர்' என்பதே பட்டப்பெயராகிவிட்டது.

நாலே மாதத்தில் என் மகனைக் கொண்டுவந்தார்கள். வலது காலில் லாரிச் சக்கரம். சம்பந்திதான் தொடையில் பட்டையை இறுக்கி, அவன் நெற்றியில் பேனாவால் நேரத்தை எழுதினார். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார்.

"உயிர் போகுது மாமா, கொஞ்சம் தளர்த்துங்க."

"முடியாது மாப்ளே."

பெற்ற வயிறு கேட்குமா? நான் பட்டையில் கை வைத்தேன். என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார்.

"எம் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு அப்பன் வேணும். தள்ளிப் போங்க!"

சம்பந்தியைக் கை நீட்டி அடித்த மனுஷன்! முகத்தில் துப்பினேன். அவர் துடைக்கவில்லை. கையை எடுத்தால் நான் பட்டையை அவிழ்த்துவிடுவேன் என்ற பயம். ஒன்றேகால் மணி நேரம் என் மகன் கெஞ்சினான், திட்டினான், கடைசியில் ஊளையிட்டான்.

"சக்கரம் ஏறினப்பவே கால் போயாச்சும்மா. தளர்த்தியிருந்தா ஆளும் போயிருப்பாரு" என்றார், காலை எடுத்துவிட்டு வந்த டாக்டர்.

மகன் நம்பவில்லை. "பொம்மைக்குத் தளர்த்தினாரு, எனக்குத் தளர்த்தலயே. அந்தக் கை எம் புள்ள மேல படக் கூடாது" என்கிறான்.

நேற்று பேத்திக்கு எடை பார்க்கப் போனேன். அவசரப் பிரிவு வாசலில் அவர் நின்றிருந்தார். துப்பியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. துணியை விலக்கி முகத்தைக் காட்டினேன்.

"தூக்குங்க சம்பந்தி. அவனுக்குத் தெரியாது."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெத்தவர் வேணாம்னுட்டார்ல. இருக்கட்டும்."

"மூக்கு உங்க மூக்கேதான், பாருங்க."

"ஐயோ பாவம்" என்றார், கட்டிய கையை அவிழ்க்காமலே.