ரெக்ஸ் அடிக்காத டிரம்ஸ்

சி.டி. அட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் ரெக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. லூயிஸ், ராஜவேல் என்ற பெயர்களுக்குக் கீழே, 'டிரம்ஸ்: ரெக்ஸ்' என்று அச்சாகியிருந்தது. மேலே கடற்கரைச் சாலை மேடையின் படம். அதற்கும் மேலே கொட்டை எழுத்தில் 'லே வாக் - லைவ், 2007'. மனைவி ஆனந்தமேரி அதை வாங்கி முந்தானையால் துடைத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"மொதல்ல கேட்டுடலாம், அப்பறமா வெச்சுக்க" என்று ரெக்ஸ் அதை எடுத்து டி.வி.டி. பிளேயரில் போட்டார்.

முதலில் ஜனங்களின் சத்தம். மைக்கில் புகுந்த கடல்காற்றின் இரைச்சல். அப்புறம் குச்சியோடு குச்சி தட்டும் ஓசையும், பிரெஞ்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணும் அவருடைய குரலும்: "அன், தூ, துருவா, காத்ர்!" ஆனந்தமேரி சிரித்தார். ரெக்ஸும் சிரிக்க வாய் திறந்தார். அதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்தது.

அது ரெக்ஸ் இல்லை.

நாலு அடி கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போனால் கொடியில் வேறு யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டிருப்பது போல இருந்தது. அடி சுத்தம். அப்படி ஒரு சுத்தம் ரெக்ஸின் கைக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டாவது பாட்டுக்கு மாற்றினார், மூன்றாவதுக்கு மாற்றினார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் வரும் தனி டிரம்ஸையும் போட்டுக் கேட்டார். மேடையில் அதை அடித்து முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சி.டி.யில் அடிக்கிறவனுக்கு வேர்த்தே இருக்காது.

"நல்லாத்தான கீது? மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சுனு கீறீங்க?" என்றார் ஆனந்தமேரி.

"இது நானில்ல மேரி."

"இன்னா நீங்க இல்ல? உங்க கொரலுதான கேட்டுது?"

குரல் அவருடையதுதான். அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ரெக்ஸின் அப்பா புதுச்சேரி போலீஸ் பேண்டில் டிரம் அடித்தவர். வீட்டில் சோற்றுத் தட்டைத் தட்டித் தட்டியே ரெக்ஸ் தாளம் படித்தார். 1973இல் அவரும், கிட்டார் வாசித்துப் பாடும் லூயிஸும், பாகூர்ப் பக்கமிருந்து கல்லூரிக்கு வந்த, பேஸ் கிட்டார் வாசிக்கும் ராஜவேலும் சேர்ந்து ஆரம்பித்தது 'லே வாக்'. பிரெஞ்சில் அலைகள் என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் அதை வேகப் பேண்டு என்றார்கள். அதிலும் தப்பில்லை. ரெக்ஸ் உட்கார்ந்தால் பாட்டு போகப் போக ஓட்டமெடுக்கும். ஆடுகிறவர்களும் கூடவே ஓடுவார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலைப் பதினாலு நடனம், நியூ இயர், கல்யாண ரிசெப்ஷன் என்று பத்து வருஷம் அவர்கள் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை.

பிறகு லூயிஸ் பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. ரெக்ஸின் அப்பா அந்தக் காலத்தில் அந்த நேஷனாலிட்டி வேண்டும் என்று கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார். ராஜவேல் கூட்டுறவு பேங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ரெக்ஸ் தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டராகப் போய், கல்யாணம் செய்து, குருசுக்குப்பத்தை ஒட்டி ஒரு வீடு கட்டி, மகள் லினெட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டார். டிரம் செட் மட்டும் பின்கட்டில் போர்வை போர்த்திக் கிடந்தது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு லூயிஸ் ஊருக்குத் திரும்பி வந்து, "மறுபடி வாசிக்கலாமாடா?" என்று கேட்டபோது, ரெக்ஸ் நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் போர்வையை உருவினார். காரைக்கால், காலாப்பட்டு யுனிவர்சிட்டி, பெங்களூர், சென்னை, கடைசியாகச் சொந்த ஊர்க் கடற்கரை என்று சுற்றி வந்தார்கள். நரைத்த தலையோடு மூன்று பேர் மேடையேறியதும் பழைய ஆட்கள் நாற்காலி மேலேயே ஏறி நின்றார்கள். கடற்கரை நிகழ்ச்சியை ரெக்கார்டு செய்து லைவ் ஆல்பமாகப் போடுவது என்று லூயிஸ் ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஆல்பம்தான் இது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தத் தனி டிரம்ஸைக் கேட்டேன் ரெக்ஸ். கை இன்னும் அப்படியே இருக்குதே!" என்றார்.

"ஃபாதர், அது வந்து நான் அடிச்சது இல்ல."

"இந்தத் தாழ்ச்சி எல்லாருக்கும் வராது" என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனார் சாமியார்.

திங்கட்கிழமை கம்பெனியில் ஆதிமூலம், அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர், மெஷின் ஓடும் கூடத்திலேயே சி.டி.யைப் போட்டுவிட்டார். "அண்ணே, மெஷினு மாரி அடிச்சிக்கிறீங்கண்ணே!" என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ரெக்ஸ் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது: ஐம்பத்தாறு வயதிலும் கடிகாரம் போன்ற தாளமாம். லினெட் அதைச் சென்னையிலிருந்து போனில் படித்துக் காட்டி, "பெருமையா இருக்குப்பா" என்றபோது, அவளிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரிம்மா, வெக்கறேன்" என்றார். செய்யாத காரியத்துக்குத் திட்டு வாங்கினால் சண்டையாவது போடலாம். செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வாங்கினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ராஜவேலிடம்தான் முதலில் போனார். ராஜவேல் சுற்றி வளைக்கவில்லை.

"லூயிஸு சென்னையில யாரோ விஜய்னு ஒரு பையன வெச்சு ஸ்டுடியோல உன் டிரம்ஸ திரும்ப அடிக்கச் சொல்லி சரி பண்ணிக்கிறான்டா. எனக்கும் ரெண்டு பாட்டுல தப்பு விழுந்துச்சு. போயி திரும்ப வாசிச்சிட்டு வந்தேன்."

"உன்னக் கூப்ட்டானா?"

"ம்."

"என்னை ஏன் கூப்டல?"

ராஜவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "உன்னையும் கூப்ட்டிருப்பான்னு நெனச்சேன் ரெக்ஸு."

பொய் என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ரெக்ஸ் எழுந்து மொபெட்டை உதைத்தார். அது மூன்று உதைக்கும் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போனார்.

லூயிஸின் வீடு துமாஸ் வீதியில். உள்ளே பெரிய ஸ்பீக்கர்கள், சுவரெல்லாம் கிட்டார். ரெக்ஸ் உட்காரவில்லை.

"ஏன்டா இப்பிடிப் பண்ண?"

லூயிஸ் இதை எதிர்பார்த்திருந்தார் போல. "கத்தாத. மொதல்ல உக்காரு. இத கேட்டுட்டு அப்பறம் என்னைத் திட்டு" என்று கம்ப்யூட்டரைத் தட்டினார்.

அன்று மேடையில் பிடித்த அசல் ஒலி வந்தது. ரெக்ஸ் கேட்டார். முதல் பாட்டு சரிதான். இரண்டாவது பாட்டில் பாதியிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தார். ராஜவேல் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடி வருவது கேட்டது. லூயிஸ் வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பாடியிருந்தார். தனி டிரம்ஸில் கை முன்னே போனது. காலால் மிதிக்கும் பெரிய டிரம் படி தடுக்கினவன் போலப் பின்னால் விழுந்து விழுந்து எழுந்தது. பெங்களூர் நிகழ்ச்சியிலிருந்தே அவருக்கு வலது முட்டி வலி. யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டு சமாளித்துவிட்டதாக நினைத்திருந்தார்.

லூயிஸ் நிறுத்தினார். "போதுமா?"

ரெக்ஸின் காது இரண்டும் எரிந்தன. "சரி, ஓடினேன். காலும் நின்னு போச்சு. ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு அங்க நடந்தது இதுதானடா? லைவ்னு அட்டையில போட்டுக்கிற. எது லைவு?"

"எல்லாரும் இப்பிடித்தான் பண்றாங்க ரெக்ஸு. பெரிய பெரிய பேண்டெல்லாம் ஸ்டுடியோல ஒக்காந்து சரி பண்ணிட்டுத்தான் லைவ்னு போடறான்."

"ராஜவேலக் கூப்ட்ட. ராஜவேலு வந்து சரி பண்ணான். நான் வந்திருக்க மாட்டனா?"

லூயிஸ் கிட்டார்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "வந்திருப்ப. காதுல டிக் டிக்னு ஓடும், அதோட ஒட்டி அடிக்கணும். உன்னால ஆகாதுடா. ஆகலன்னு அந்தச் சின்னப் பசங்க முன்னாடி உன் மூஞ்சியப் பாக்க எனக்கு மனசு வரல. மோந்தியே, கடவுளே, புரிஞ்சுக்க."

இரக்கப்பட்டிருக்கிறார்! ஏமாற்றியிருந்தால்கூட ரெக்ஸ் தாங்கியிருப்பார்.

"அப்ப எம்பேர எடுத்துடு. அடிச்சவன் பேரப் போடு."

"பைத்தியமாடா உனக்கு? உம்பேரு இல்லாம அது லே வாக்கா?"

"நான் இல்லாமதான போட்டுக்கிற?"

லூயிஸ் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். ரெக்ஸ் வெளியே வந்து கதவை ஓங்கிச் சாத்தினார். அந்தக் காலத்துத் தேக்குக் கதவு, மெல்லத்தான் மூடிக்கொண்டது.

சி.டி. நன்றாக விற்றது. சில மாதம் கழித்து மறுபடி அச்சடித்தார்கள். ராஜவேல் ஒரு பிரதியைக் கொண்டுவந்து நீட்டினார். ரெக்ஸ் திருப்பிப் பார்த்தார். 'கிட்டார், குரல்: லூயிஸ். பேஸ் கிட்டார்: ராஜவேல்.' அதோடு முடிந்திருந்தது. ரெக்ஸ் இல்லை. விஜயும் இல்லை. டிரம்ஸ் என்ற வார்த்தையே இல்லை. டிரம்ஸ் தானாக அடித்துக்கொண்டது போலிருந்தது.

"அந்தப் பையன் பேர ஏன் போடல?"

"போட்டா, அடிச்சது வேற ஆளுன்னு தெரிஞ்சுடும் இல்ல?" என்றார் ராஜவேல்.

அட்டையைப் பார்த்தவர்கள் எல்லாம் வழியில் நிறுத்தி, லூயிஸோடு என்ன தகராறு என்று விசாரித்தார்கள். பணத்தைப் பங்கு பிரிப்பதில் சண்டையாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. குடித்துவிட்டு டிரம்ஸ் அடிக்க வந்தாராம் என்று இன்னொன்று. ரெக்ஸ் நடந்ததை விளக்கினால், கேட்கிறவர்கள் பாதியிலேயே, "எப்பிடியோ, பாட்டு நல்லாகீதுபா" என்று முடித்துக்கொண்டார்கள்.

ஆனந்தமேரிதான் தாங்காமல் கேட்டுவிட்டார். "இத்தினி வருசமா பேண்டு பேண்டுன்னு அலைஞ்சீங்க. ஒரு அட்டையில பேரு வந்துச்சு. அதையும் நீங்களே போயி அழிச்சிட்டு வந்துட்டீங்க. உங்களுக்கு இன்னாதான் வேணும்?"

என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார். ஓடின பாட்டோடு, தடுக்கின காலோடு, அன்று அடித்தது அப்படியே அட்டையில் தன் பெயரோடு வந்திருக்க வேண்டும். அதை வாயால் சொன்னால் வீம்பு பிடித்த கிழவன் பேச்சாகத்தான் தெரியும் என்று அவருக்கே தோன்றியது. "ஒண்ணும் வேணாம், சோத்தப் போடு" என்றார்.

அடுத்த வருஷம் லூயிஸ் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது சுற்றுக்கு ஊர் ஊராகக் கேட்கிறார்களாம். பழைய மூன்று பேரும் மேடையில் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்கள் குறியாம். ஆனந்தமேரி காபி கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு டிரம் செட்டு போடப்போறோம் ரெக்ஸு. நடுவுல நீ. பக்கத்துல விஜய். நீ உன் பாட்டுக்கு அடி. கால் வலிச்சா கொஞ்சம் விட்டுக்குடு. அவன் பாத்துக்குவான்."

ரெக்ஸுக்கு ஒரு நொடி ஆசை வந்தது. நடு மேடை, விளக்கு, நாற்காலி மேல் நிற்கிற ஜனம். பிறகு கேட்டார்:

"என் டிரம்முக்கு மைக் வெப்பியா?"

"வெக்காம?"

"அந்த மைக்க ஆன் பண்ணி வெப்பியா?"

லூயிஸ் காபியை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக மீன்காரம்மாவின் குரல் கேட்டது.

"காபி ஆறிடப் போவுது, குடிச்சிட்டுப் போ" என்றார் ரெக்ஸ்.

அவர்கள் விஜயை வைத்துக்கொண்டே போனார்கள். ஐதராபாத் வரைக்கும் போனதாக ராஜவேல் வந்து சொன்னார்; நல்ல கூட்டமாம். ரெக்ஸ் கேட்டுக்கொண்டார். கம்பெனிக்குப் போனார், வந்தார். முட்டிக்கு டாக்டரைப் பார்த்தார். சாயங்காலத்தில் பின்கட்டில் உட்கார்ந்து அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டால் கொஞ்சம் மெதுவாக அடித்தார். கோபம் ஆறிப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். அது ஆறவில்லை, பழகிப்போயிற்று.

லூயிஸும் அவரும் போவது ஒரே கோயில்தான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் சொல்லும்போது, லூயிஸ் முன்வரிசையிலிருந்து திரும்பி, தேடிப் பார்த்துக் கைகூப்பி, "சமாதானம்" என்பார். ரெக்ஸும் கைகூப்புவார். வாயைத் திறக்க மாட்டார்.