கேள்விக்குறிகளாகிப் போன பெயர்கள்

போன வாரம் புது லேப்டாப்பில் நோட்பேடைத் திறந்து, வாங்க வேண்டிய சாமான்களைத் தமிழில் அடித்துச் சேமித்தேன். மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொண்டது. பழைய நோட்பேடு அப்படி விடாது. சில எழுத்துகள் அழிந்துபோகும் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி காட்டும். அதைப் படிக்காமல் ஒருமுறை ஓகே அழுத்தினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது திருச்செந்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை. யூனிகோடில் தமிழ் அடிப்பவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான் என்று தலைக்கனம் வேறு. புயல் ஓய்ந்த மறுநாள் பெரியதாழை மாதா கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். கடை லேப்டாப்போடு போனேன். கடலுக்குப் போன பதினொரு பேர் திரும்பவில்லை. அரசாங்கத்துக்குப் பட்டியல் போக வேண்டும்.

கோயில் அலுவலக அறை முழுக்க ஈரச்சாக்கு வாசம். இன்றும் நனைந்த சாக்கு எங்கே மணத்தாலும், முந்தானையை வாயில் பொத்தியபடி நின்ற அந்தப் பெண்களின் வரிசைதான் கண்ணில் வருகிறது. ஊரில் எல்லாரையும் பட்டப்பெயரில்தான் தெரியும். ரேஷன் கார்டில் உள்ள பெயரை வீட்டுக்காரிகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ரோசம்மாள் என்ற பெண் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

“அவிய பேர வாயால சொல்லிப் பழக்கமில்ல தம்பி” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “சூசை மிக்கேல்” என்றாள்.

பக்கத்திலிருந்த கோயில் உபதேசியார், “தாள்லயும் ஒருக்க எழுதி வச்சிருவமா?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்லா அண்ணாச்சி, பெறகென்ன?” என்றேன்.

சேமிக்கும்போது அந்த ஆங்கிலப் பெட்டி வந்தது. ஓகே. மெயிலில் அனுப்பிவிட்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை கலெக்டர் ஆபீசிலிருந்து போன். “என்னங்க இது? வயசு மட்டும்தான் இருக்கு. பேரெல்லாம் கேள்விக்குறியா வந்திருக்கு.” என்னிடமிருந்த கோப்பைத் திறந்தேன். அதிலும் அப்படித்தான். கேள்விக்குறிகளுக்கு நடுவே 27, 41, 19.

மறுபடி போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. உபதேசியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னைத் தூரத்தில் கண்டதுமே ரோசம்மாள் ஈரக்கையோடு தெருவுக்கு ஓடிவந்தாள்.

“தகவல் வந்துட்டா தம்பி? எங்கன இருக்காவ?”

“இல்லக்கா... பேரு... இன்னொருக்க சொல்லணும்.”

“நேத்துத்தான சொன்னேன்” என்றாள். கோபமே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். “எழுதிக்கிட்டியளா?” என்று கேட்டாள். தாளில் எழுதிக் காட்டினேன்.

ஏழு பேர் கேரளக் கரையில் ஒதுங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். சூசை மிக்கேல் வரவில்லை. அந்த ஒருநாள் தாமதம் எதையாவது மாற்றியிருக்குமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தைரியமில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். வீடு பூட்டியிருந்தது. “பிள்ளையளக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்குப் போயிட்டா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். போன மழைக்காலத்தில் அந்த வாசலையும் கடல் எடுத்துக்கொண்டது.