பதினோரு வருட நோயாளி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை அருக்காணி ஆண்ட்டி தில்லியை விட்டுப் போனார். ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடை தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். அறுபத்தேழு வயதில் இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கி ஏற்றினார். கை கொடுக்க வந்த கூலிக்காரரை "சோடோ பையா" என்று விலக்கிவிட்டு என்னிடம் திரும்பி, "அவனுக்கே மூச்சு வாங்குது கண்ணு, பாவம்" என்றார்.

நோயே இல்லாத ஒருவர், நோயாளி என்று ஒரு காகிதம் சொன்னதால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். 

ஆண்ட்டி பெருந்துறைப் பக்கம். கல்யாணமாகி தில்லிக்கு வந்தவர். மயூர் விஹாரில் எங்கள் எதிர் ஃபிளாட். ஒரு தனியார் பள்ளியில் இருபத்தாறு வருடம் விளையாட்டு ஆசிரியை. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குக் காய்கறிப் பையோடு ஓடி ஏறுவார். கணவர் மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்து இறந்தபோது நகையெல்லாம் போனது. கடைசி இரண்டு நாள் செலவுக்குக் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றார். "அந்த வாசல்ல இன்னொருக்கா நிக்க மாட்டேன்" என்று மறு வருடமே ஐந்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். பத்தொன்பது வருடம் தவணை தவறவில்லை. ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கேட்டதுமில்லை.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அந்த ஜூலையில்தான் வீடு திரும்பியிருந்தேன். ஆண்ட்டி காப்பீட்டுத் தவணைக் கடிதத்தோடு வந்தார். போன வருடம் நாற்பத்தோராயிரம். இந்த வருடம் அறுபத்தெட்டாயிரம்.

"ஏங் கண்ணு, நான் ஒரு நாள்கூடப் படுக்கலையே. படுத்தவங்களுக்கும் சேத்து நானே கட்டோணுமா?"

கம்பெனிக்குப் போன் செய்தோம். வயதுப் பிரிவு மாறிவிட்டதாம். குறைக்க வழி உண்டாம்: செலவில் ஐந்தில் ஒரு பங்கை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது முதல் இரண்டு லட்சத்தை நீங்களே கட்டுங்கள். ஆண்ட்டி போனை வைத்துவிட்டு, "அப்ப இவங்க எதுக்கு?" என்றார்.

வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதலில் சொன்னது நான்தான். கட்டிய வருடங்கள் வீணாகாது, அப்படியே கணக்கில் வரும், தவணை குறையும் என்றேன். விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே காப்பீடு வாங்கிப் பழகியவள். ஒன்றின் நிபந்தனையைக்கூடப் படித்ததில்லை.

ஏஜெண்ட் அர்விந்த் வந்தான். நம் ஆள்தான், இங்கேயே பிறந்தவன். புதுக் கம்பெனியில் முப்பத்தொன்பதாயிரம் என்றான்.

"பழசுக்குப் பைசா கட்டாதீங்க ஆண்ட்டி. கட்டினா புதுக் கம்பெனிக்குப் போர்ட் ஆகாது."

"கெடு தாண்டிப் போச்சுன்னா?"

"அரே, அதுக்கு மேல ஒரு மாசம் டைம் இருக்கு. நீங்க டென்ஷன் ஆகாதீங்க. உங்களைப் பாத்தா கம்பெனியே காலைத் தொட்டுக் கும்பிடும்."

ஆகஸ்ட் 28 கெடு. செப்டம்பர் நடுவில் புதுக் கம்பெனியிலிருந்து விசாரணைப் போன் வந்தது. அன்று நான் வீட்டில் இல்லை. சாயங்காலம் ஆண்ட்டியே குஷியாக வந்து சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொரு நோயாகக் கேட்டாளாம், இவர் நஹி, நஹி என்றாராம். சர்க்கரை என்றதும் சும்மா விட மனம் வரவில்லை.

"அது எப்படி வரும், தெனமும் சர்க்கரைக்குக் கஷாயம் குடிக்கறனேன்னேன். எத்தன வருசமான்னா. பதினோரு வருசம், ஒரு நாள் தப்புனதில்லன்னேன். அசந்துட்டா புள்ள!"

சிறுகுறிஞ்சான் கஷாயம். ஆண்ட்டியின் அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது. அதிலிருந்து வீட்டில் பயம். தங்கை ஊரிலிருந்து பொடி அனுப்புவார், காலையில் அரை டம்ளர். நானும் அன்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

செப்டம்பர் 30 அன்று பதில் வந்தது. பதினோரு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்து எடுத்துவருகிறார், விண்ணப்பத்தில் அதை மறைத்துள்ளார், நிராகரிக்கப்படுகிறது.

ரத்தப் பரிசோதனை செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்கே போனோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.4, நோய் இல்லாதவர்களின் அளவு. என்னுடையது அதைவிட அதிகம். குளிர்சாதன அறையில் ஸ்வெட்டர் போட்டிருந்த அதிகாரி தாளைப் பார்த்தார்.

"நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது, இல்லையா?"

ஆண்ட்டி தாளைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தார். 

பழைய கம்பெனிக்கு ஓடினோம். கூடுதலாகக் கொடுத்த மாதமும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புதிதாகச் சேரலாம், ஆனால் இந்த வயதுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பழைய வருடங்கள் கணக்கில் வராது. மேசைமேல் 'ஆரோக்கியமே செல்வம்' என்று அச்சடித்த நாட்காட்டி. அதைத் தூக்கி வெளியே எறிய வேண்டும்போல் இருந்தது. அர்விந்த் என் செய்திகளைப் படித்தான், பதில் இல்லை. முகப்புப் படத்தை மட்டும் மாற்றினான். முசூரியில் குடும்பத்தோடு, குல்லா போட்டு.

கீழ்வீட்டு லதா மாமி ஆறுதல் சொன்னார். "எழுபது ஆச்சுன்னா இலவச வைத்தியத்துக்கு அரசாங்கக் கார்டு குடுக்கறாளாம், அருக்காணி."

"அப்ப மூணு வருசம் நான் விழுகாம நிக்கோணும்."

அதற்குப் பிறகு ஆண்ட்டி பூங்காவுக்கு நடக்கப் போகவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இடுப்பு உடைந்தால் யார் வாசலில் நிற்பது என்ற ஒரே கணக்கு, படிக்குப் படி. அக்டோபர் கடைசியில் முடிவைச் சொன்னார். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்கென்று தொடாமல் போட்டு வைத்து, தங்கை வீட்டோடு இருப்பது.

"இனி இந்த வீடுதான் எனக்குப் பாலிசி. அதுல நான் குடியிருந்தா எப்படி?"

அவர் போன பிறகு புகார்மேல் புகார் எழுதினேன். அந்தப் போன் பேச்சின் பதிவைக் கொடுங்கள் என்று கேட்டேன். 'விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று மாதம் ஒன்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

2025 ஆகஸ்டில், நான் மறுபடி பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் செய்தி வந்தது. புகார் பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை, ஆதாரமாக ஒலிப்பதிவு இணைக்கப்பட்டுள்ளது. ஒன்பது நிமிடம். நோய்ப் பட்டியல் ஏழாவது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பதினோரு வருடம் என்று ஆண்ட்டி சிரிக்கிறார். விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி இந்தியில் கேட்கிறாள்: "ஆண்ட்டிஜி, அந்தக் கஷாயம் எங்கே கிடைக்கும்? என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது."

"அட்ரஸ் சொல்லு புள்ள," என்கிறார் ஆண்ட்டி. "நானே அனுப்பறேன்."